உம்மாவின் சுரைப்பந்தலும் என் வலையும்



வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால், பெயரைக் கேட்பதற்கு முன் மண்ணைக் கேட்பார்கள். ஆகவே நானும் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் ஊர் மேலநீலிதநல்லூர். சங்கரன்கோவிலை அடுத்த, ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமான ஊர். வெளியூர்க்காரர்களுக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியைச் சொன்னால் எளிதில் விளங்கும். வீட்டின் பின்புறம் எங்களுக்கு மூன்று சென்ட் இடம் உண்டு. கரிசல் மண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து நிற்கும். மழையில் காலைப் பிடித்தால் செருப்பைத் தராமல் விடாது. வாப்பா தம் காலத்தில் செம்மண்ணையும் ஆட்டுப் புழுக்கையையும் ஆண்டுதோறும் கொட்டிக் கலந்து, அந்த மண்ணைக் காய்கறிக்கு இணங்கச் செய்தார்கள். உழைப்பு அவர்களுடையது, விளைச்சலைக் கண்டது நாங்கள்.

மண்ணை வசப்படுத்திவிடலாம்; காற்றை முடியாது. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு எங்களிடம் வெறுங்கையோடு வந்து சேரும். எங்களுக்கான மழை ஐப்பசியில்தான். ஆடிப்பட்டத்தைத் தேடி விதைக்க வேண்டும் என்பார்கள். ஆனால் ஆடியில் ஊன்றிய சுரைக்கொடி இரண்டு முழம் வளர்வதற்குள் காற்று அதைத் துணி பிழிவதுபோல் முறுக்கிவிடும். இதனால் உம்மா மேற்குப் பக்கம் சோளத்தட்டையால் தட்டி கட்டி, பந்தலை மார்பளவுக்கு மேல் எழும்ப விடுவதில்லை. குனிந்து குனிந்து முதுகு வலிக்கிறதே என்று ஒருமுறை நான் ஆள் உயரத்துக்கு உயர்த்திக் கட்டினேன். ஆடி பதினெட்டுக்கு முன்பே அது தரையில் கிடந்தது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டியை இன்னும் இரண்டு முழம் நீட்டிக் கட்டினார்கள்.

என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், அவரை, பீர்க்கு, தண்டுக்கீரை, கிணற்றடியில் ஒரு முருங்கை. கத்தரிக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். இந்திய மண்ணுக்குரிய இந்தச் செடி பாரசீகம் வழியாக அரபுகளிடம் சென்று ‘பாதின்ஜான்’ ஆயிற்று. முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினுக்குப் போய், அந்தப் பெயரே திரிந்து ஐரோப்பிய மொழிகளிலும் நுழைந்தது. 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்ற வேளாண்மை நூல் இன்றும் அறிஞர்கள் எடுத்துப் பார்க்கும் நூல். எரு மக்க வைப்பது பற்றியே அதில் விரிவாகப் பேசுகிறார். நம்மில் சிலர் தோட்ட வேலையை மார்க்கத்துக்கு அப்பாற்பட்ட பொழுதுபோக்கு என்று எண்ணுவதால் இதைச் சொல்ல நேர்ந்தது.

இவை அனைத்துக்கும் மேலாக, எங்கள் தோட்டத்தின் தலைவி சுரை. கடையில் கிடைக்கும் நீளச்சுரை அன்று. அடி பருத்த குட்டையான குடச்சுரை. நபி (ஸல்) அவர்களை ஒரு தையற்காரர் விருந்துக்கு அழைத்ததையும், குழம்பிலிருந்த சுரைத் துண்டுகளை அவர்கள் தேடித் தேடி உண்டதையும், அன்று முதல் தமக்கும் சுரை பிடித்துப்போனதையும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. சிறுவயதில் நான் சுரைக்காயைத் தட்டில் ஒதுக்கும்போதெல்லாம் உம்மா இந்த ஹதீஸைச் சொல்லித்தான் ஊட்டினார்கள்.

அந்த விதைக்கும் ஒரு வரலாறு உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டு ஆச்சி கொடுத்தது. எங்களிடம் ஒரு வறட்சியில் அது அற்றுப்போனது, ஆச்சியிடம் இருந்தது. பிறகு ஆச்சியின் கொடி அழிந்தபோது எங்கள் அடுப்படியில் சாம்பல் பூசிக் கட்டித் தொங்கிய விதை அங்கே போயிற்று. இப்படி நான்கைந்து முறை சுவரைத் தாண்டியிருக்கிறது. அவர்கள் வீட்டுப் பொங்கலுக்கு எங்கள் அவரைக்காயும், எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சிக்கு அவர்கள் கொத்தமல்லியும் போய் வருவதை நான் பிறந்தது முதல் பார்க்கிறேன்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பகுதித் தோட்டத்தைச் சொல்ல முடியாது. பங்குனி, சித்திரையில் கிணறு அடியைக் காட்டும். குழாய்த் தண்ணீர் குடிப்பதற்கே சரியாக இருக்கும். ஒருநாள் உளூச் செய்யும்போது குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்துப் பிறகு அளந்து பார்த்தேன். ஏறக்குறைய ஆறு லிட்டர். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில், அதாவது முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவான நீரில் உளூச் செய்திருக்கிறார்கள் என்பதை மதரஸாவில் மனப்பாடம் செய்தவன் நான். வெட்கமாக இருந்தது. அன்றே செம்புக்கு மாறினோம். உளூச் செய்யும் திண்ணையிலிருந்து ஒரு குழாயை இறக்கிச் சுரைக்குழிக்கு விட்டோம். அந்த நீர் தூயதுதான். மறுபடி உளூவுக்கு உதவாதே தவிரச் செடிக்கு ஒரு தடையும் இல்லை. வீட்டில் நான்கு பேர், ஐந்து வேளை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் என்றாலும் நாளுக்கு முப்பது லிட்டர். ஒரு சுரைக்கொடி கோடையைத் தாண்ட அது போதும். ஸுப்ஹுக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் வெயில் தாழ்ந்திருக்கும் பொழுதுதான் செடிக்கு நீர் விட ஏற்றது என்பதால், தொழுகையும் பாசனமும் ஒரே நேர அட்டவணையில் அமைந்துவிட்டன.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது: பஞ்சகவ்யம் தெளிக்கலாமா? அதில் சாணமும் மாட்டுச் சிறுநீரும் உண்டு. ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் இவை நஜீஸ். எரு இட்ட மண்ணில் விளைந்த காய் அதனால் அசுத்தமாகிவிடாது. மேலே பட்டதைக் கழுவிவிட வேண்டும், அவ்வளவே. தெளித்த சாரத்தோடு தொழ நிற்கக் கூடாது என்பதால் தோட்டத்துக்கென்று ஒரு பழைய சாரம் ஆணியில் தொங்குகிறது. கீரைக்கு நான் அதைத் தெளிப்பதே இல்லை. புழுவுக்கு வேப்பங்கொட்டையை இடித்து, லிட்டருக்கு ஐம்பது கிராம் வீதம் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கிறேன்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

நான் பதினெட்டு ஆண்டுகள் சவூதியில் இருந்தேன். வாப்பா வஃபாத்தானபோது ஜனாஸாவுக்கு வந்து சேர முடியவில்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அந்த மாதமே நானும் நிரந்தரமாக ஊர் திரும்பினேன். திருநெல்வேலி மாவட்டத்துக்காரனாகப் போனவன் தென்காசி மாவட்டத்துக்காரனாக வந்து இறங்கினேன். நான்கு மாதங்களில் ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டு ரமளானில் பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தன, சந்தை இல்லை, காய்கறி வண்டி வரவில்லை. உம்மாவின் மூன்று சென்ட் தோட்டம் எங்கள் வீட்டோடு சேர்த்து இன்னும் ஐந்தாறு வீடுகளுக்குக் கீரையும் சுரையும் கொடுத்தது. தெருவில் எல்லோரும் தோட்டத்தைப் புகழ்ந்தார்கள். நான் நீர் இறைத்ததால் என்னையும் சேர்த்துப் புகழ்ந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அதன் பின்னர்தான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். தொடக்கம் நல்ல எண்ணத்தில்தான். இந்த விளைச்சலுக்கு உஷ்ர் உண்டா என்று உறவினர் ஒருவர் கேட்டார். ஓர் ஆலிமிடம் விசாரித்தேன். காய்கறிகளுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஜகாத் இல்லை. சேமித்து வைக்கத்தக்க பிரதான உணவுப் பொருள்களுக்கே உண்டு. இமாம் அபூ ஹனீஃபா அவர்களிடமோ நிலத்தில் விளைபவற்றில் குறைந்ததற்கும் உஷ்ர் உண்டு. ஆயினும் வீட்டு வளாகத்துக்குள் நிற்கும் மரத்தின் கனிக்கு இல்லை என்று ஹனஃபி நூல்களே சொல்கின்றன. எப்படிப் பார்த்தாலும் எங்கள் முற்றத்துக்குக் கடமை என்று ஒன்றும் இல்லை என்றார். அதோடு நோட்டை மூடியிருக்கலாம். மூடவில்லை. தினமும் காலையில் எத்தனை தக்காளி, எத்தனை கத்தரி, சந்தை விலைக்கு எவ்வளவு என்று எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, நோட்டில் ஏறாமல் போனவை கண்ணை உறுத்தின. அணில் கடித்தவை. குருவி கொத்தியவை. எல்லாவற்றுக்கும் மேலாக மயில்.

எங்கள் பக்கம் மயிலைப் பற்றி விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள். தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது, விரட்டலாமே தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. நிலக்கடலையையும் தக்காளியையும் அது அழிப்பதைக் கண்டவர்கள் அதன் தோகையைப் பாடமாட்டார்கள். ஒரே காலையில் பதினேழு தக்காளி போனதாக நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். உம்மாவிடம் காட்டினேன். “ஏல, அது தின்னுட்டுப் போகுது. நம்ம வயித்துக்கு மிஞ்சித்தான இருக்கு?” என்றார்கள். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்தும் விதைத்ததிலிருந்தும் மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற ஹதீஸ் எனக்குத் தெரியாததன்று. மேடைகளில் கேட்டிருக்கிறேன், மற்றவர்களுக்கு அனுப்பியும் இருக்கிறேன். ஆனால் பதினேழு தக்காளி என்பது வேறு விஷயமாகத் தோன்றியது.

2022ஆம் ஆண்டு பங்குனி மாதம் சங்கரன்கோவிலுக்குப் போய் மெல்லிய நைலான் வலை வாங்கி வந்தேன். அஸர் தொழுதுவிட்டு, தக்காளிப் பாத்தியிலிருந்து அவரைப் பந்தலின் மூலை வரை இழுத்து மூடி, ஓரங்களில் கல் வைத்தேன். உம்மா அப்போது உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று விரைந்து செய்தது இப்போதும் நினைவில் இருக்கிறது.

மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் போய்ப் பார்த்தேன். அவரைப் பந்தலின் மூலையில், வலையில், ஒரு கொண்டைக்குருவி தலைகீழாகத் தொங்கியது. வாலடியில் சிவப்பு உள்ள, எல்லா வீட்டு முற்றத்திலும் வரும் அதே குருவி. வெளியே போக முயன்றிருக்கிறது. கழுத்தில் இழை இறுகியிருந்தது. பிளேடால் அறுத்துக் கையில் எடுத்தபோது எடையே இல்லை. எதற்காக உள்ளே இருந்தது என்று யோசித்தேன். அப்போதுதான் சத்தம் கேட்டது. அவரை இலைகளுக்குள், நான் வலையை இழுத்துக் கட்டிய கொம்புக்கு ஒரு சாண் தள்ளி, கிண்ணம்போல் ஒரு கூடு. இரண்டு குஞ்சுகள். நான் கிளையைத் தொட்டதும் தாய் வந்ததாக எண்ணி வாயைத் திறந்தன.

பயணத்தில் இருந்த தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தரையில் சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதைக் குஞ்சுகளின் பொருட்டு வேதனைப்படுத்தியது யார் என்று கேட்டு, அவற்றைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்க, அபூதாவூதில் இருக்கிறது. அங்கே திருப்பிக் கொடுக்க முடிந்தது.

உம்மா வந்து பார்த்தார்கள். நான் திட்டை எதிர்பார்த்தேன். “குஞ்சுக்கு ஆண் குருவியும் இரை கொடுக்கும். வலையை எடு மொதல்ல” என்று மட்டும் சொன்னார்கள். அவிழ்க்கப் பொறுமையில்லாமல் அறுத்தே எடுத்தேன். மற்றக் குருவி மின்கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அடுப்படி ஜன்னலுக்குள் நின்றோம். ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்து அது பந்தலுக்குள் இறங்கியது. வாயில் ஒரு பச்சைப் புழு. தக்காளிக் காயைத் துளைக்கும் அதே இனப் புழு. அதற்காகத்தான் நான் வேப்பங்கொட்டை இடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் அந்தக் குருவிகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பது நோட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அன்று இஷாவுக்குப் பின் சூரத்துல் கலமை மொழிபெயர்ப்போடு எடுத்தேன். தோட்டக்காரர்களின் வரலாறு பதினேழாம் வசனத்திலிருந்து வருகிறது. விரிவுரையாளர்கள் சொல்வது: யமனில் ஸன்ஆவை அடுத்து ஒரு தோட்டம், அதன் உரிமையாளர் அறுவடையில் ஏழைகளுக்கு உரிய பங்கை விட்டுவைத்தவர், அவர் இறந்த பின் பிள்ளைகள் கணக்குப் பார்த்தார்கள். ஏழைகள் வருவதற்கு முன் விடியற்காலையில் பறித்துவிட வேண்டும் என்று சத்தியம் செய்து, இன்று எவரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே போனார்கள். போய்ப் பார்த்தபோது தோட்டம் இரவிலேயே அழிந்திருந்தது. பலமுறை ஓதியிருக்கிறேன். தந்தை விட்டுச்சென்ற தோட்டம், கணக்குப் பார்க்கும் மகன், ஆள் இல்லாத நேரம், விரைந்த கைகள் என்று எதுவும் இதற்கு முன் எனக்குப் பட்டதில்லை. அவர்களாவது விளைச்சலை இழந்தார்கள். என் தக்காளி அப்படியே இருந்தது, இழந்தது வேறொன்று.

இதைச் சொல்லும்போது சிலர், வயிற்றுப்பிழைப்புக்காகப் பயிர் செய்பவனும் வலை போடக் கூடாதா என்று கேட்கிறார்கள். அவர் நிலை வேறு. கடன் வாங்கி இரண்டு ஏக்கரில் நிலக்கடலை போட்டவரின் மயிலும் என் முற்றத்து மயிலும் ஒன்றல்ல. பயிரைக் காப்பது அவரது உரிமை. அவரிடம் நான் உபதேசம் செய்ய மாட்டேன். வலை கட்டியே தீர வேண்டும் என்பவர்கள் தளரக் கட்டாமல் விறைப்பாக, விரல் நுழையாத சிறு கண்ணியில் கட்டுவதும், கட்டுவதற்கு முன் கொடிக்குள் கூடு இருக்கிறதா என்று கையால் விலக்கிப் பார்ப்பதும், காலையும் மாலையும் போய்ப் பார்ப்பதும் உயிர்களைக் காக்கும். பெரிய கண்ணி உள்ள மெல்லிய நைலான்தான் கொல்கிறது. சாரைப்பாம்பும் ஓணானும்கூட அதில் மாட்டிச் சாகும்.

நான்கு நாட்கள் அந்தக் குருவி வந்துபோனது. நான் அந்தப் பக்கம் நீர் விடுவதையே நிறுத்தினேன். ஐந்தாம் நாள் காலை கூடு வெறுமையாக இருந்தது. பறந்துவிட்டனவா, பூனை கொண்டுபோயிற்றா, தெரியவில்லை. இறகு ஏதும் கிடக்கவில்லை என்பதை உம்மா நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். நான் அந்த அளவுக்கு உறுதியாக இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

வலையின் துண்டுகளைப் பரணில் கட்டிப் போட்டிருக்கிறேன். எறிந்தால் வேறெங்காவது ஏதாவது ஒன்றின் காலில் சிக்கும். இப்போது மயிலுக்கு நாங்கள் கண்டுகொண்ட வழி, தக்காளியைக் கதிர்ச் செம்மையாகும் பருவத்திலேயே பறித்து வைக்கோலில் பழுக்க வைப்பது. ருசி சற்றுக் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். வேலியோரத்து இரண்டு செடிகளை மட்டும் பறிப்பதில்லை. அது அவர்களுக்கு.

உம்மாவுக்கு எழுபத்தாறு வயதாகிறது. குனிய முடியவில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்து எனக்கு வேலை சொல்கிறார்கள். இந்த ஆடியில் சுரை ஆறு குழி ஊன்றியிருக்கிறோம், அவரை பந்தலின் அதே மூலையில். தட்டியை நேற்று அஸருக்குப் பின் கட்டி முடித்தேன். பறித்த கத்தரியைக் கூடையில் கொண்டுபோய் முன்னால் வைத்தபோது எத்தனை என்று உம்மா கேட்டார்கள். எண்ணவில்லை என்றேன். அவர்கள் நம்பாத பார்வை பார்த்து, நான்கை எடுத்து முந்தானையில் கட்டிக்கொண்டு, ஆச்சி வீட்டுச் சுவருக்குத் தன்னைக் கைபிடித்துக் கூட்டிப்போகச் சொன்னார்கள்.